எரித்துவிட்டு விற்பது: ஃப்ரீடா காலோவின் ஒரு பக்கத்துக்கு நேர்ந்தது

விற்பனைக்கு வந்த பொருள் ஒன்பது அங்குல உயரமும் ஆறு அங்குல அகலமும் கொண்ட ஒரு காகிதம். மெக்சிக்க ஓவியர் ஃப்ரீடா காலோ 1944ஐ ஒட்டிய காலத்தில் மையும் வண்ணக்கோலும் நீர்வண்ணமும் கொண்டு தீட்டிய கோட்டுச்சித்திரம். ‘ஃபான்டாஸ்மோனெஸ் சினியெஸ்ட்ரோஸ்’ என்று பெயர். கேடு நினைக்கும் பெரும் பேய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய நாட்குறிப்பைச் சேர்ந்த பக்கம் என்று அறியப்பட்டது. 2022இல் அதன் உரிமையாளர் மார்ட்டின் மொபராக் என்ற தொழில்நுட்பத் தொழிலதிபர். அவர் அதற்குச் சொன்ன மதிப்பு ஒரு கோடி டாலர்.

அவர் அந்தக் காகிதத்தை விற்கவில்லை. கூட்டம் கூட்டி, கேமரா ஓட, அதை எரித்தார். பிறகு அதன் டிஜிட்டல் பதிவைப் பத்தாயிரம் என்எஃப்டிகளாக, அதாவது இணையப் பதிவேட்டில் பதியும் டிஜிட்டல் உரிமைச் சான்றுகளாக, பிரித்து விலைக்கு வைத்தார்.

அப்போது உலகம் முழுக்க எழுந்த கண்டனங்களில் ‘கலைக்கொலை’, ‘காட்டுமிராண்டித்தனம்’ போன்ற சொற்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு இந்தச் சம்பவத்தில் அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது இதன் வியாபாரக் கணக்கு. ஒரு விற்பனை என்ற அளவில் மட்டும் எடுத்துப் பார்த்தாலும் இது தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோன விற்பனை. தன் சரக்குக்கு இருந்த ஒரே சாட்சியை விற்பவரே தீயில் போட்டார்.

நாட்குறிப்பும் அதன் பக்கங்களும்

ஃப்ரீடா 1944 வாக்கில் தொடங்கி 1954 ஜூலையில் இறக்கும்வரை ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். தேதி போட்டு அன்றாடத்தை எழுதும் வகை அல்ல அது. சிந்திய மைக்கறை ஒரு மிருகமாக மாறும். வண்ணங்களுக்கு அவர் கொடுக்கும் பொருள் ஒரு பட்டியலாக வரும். கணவரும் ஓவியருமான தியேகோ ரிவேராவுக்கு எழுதிய காதல் வரிகள், கம்யூனிசக் கோஷங்கள், வலி மிகுந்த கடைசி ஆண்டுகளில் வெட்டி எடுக்கப்பட்ட காலின் சித்திரம் எல்லாம் அதில் உண்டு. 18 வயதில் பேருந்து விபத்தில் முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கியவர். படுக்கையில் கிடந்த நாட்களில் மடியில் வைத்து வரைய ஒரு நோட்டுப் புத்தகம் எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி பெரிய கேன்வாஸ் இல்லை. அவருடைய பெரும்பாலான படைப்புகள் அளவில் சிறியவையாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

அந்த நாட்குறிப்பு இன்று மெக்சிகோ நகரத்தின் கொயோவாகான் பகுதியில் அவர் பிறந்து இறந்த நீல வீட்டில், அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. 1995இல் அதன் நகல் பதிப்பு வெளியானபோதுதான் வெளியுலகம் அதை முழுதாகப் பார்த்தது. முழுதாக என்றாலும் எல்லாப் பக்கங்களும் அதில் இல்லை. பல பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. ஃப்ரீடா காகிதத்தைப் பரிசாகக் கொடுக்கத் தயங்காதவர். அவருக்குப் பின் நண்பர்கள் எடுத்துக்கொண்டதும் உண்டு என்பார்கள். இப்படி வெளியே வந்த பக்கங்கள் வரவேற்பறைச் சுவர்களிலும் பெட்டிகளிலும் இருந்து, பல ஆண்டுகள் கழித்து வியாபாரிகளின் மேசைக்கு வந்து சேர்கின்றன.

‘ஃபான்டாஸ்மோனெஸ்’ அந்த வழியில் வந்தது. அது கைமாறிய வரலாற்றில் ஐயமற்ற இரண்டு படிகள் உண்டு. நியூயார்க்கில் லத்தீன் அமெரிக்கக் கலையை விற்பதில் மூத்தவரான மேரி ஆன் மார்ட்டின் அதை இரண்டு முறை விற்றிருக்கிறார். 2004இல் வெர்ஹெல் அறக்கட்டளைக்கு. 2013இல் ஒரு தனியார் சேகரிப்பாளருக்கு. மார்ட்டின் சாதாரண வியாபாரி அல்லர். சதபீஸ் ஏல நிறுவனத்தில் லத்தீன் அமெரிக்கக் கலைப் பிரிவை உருவாக்கியவர். வெர்ஹெல் அறக்கட்டளையும் புகழ்பெற்ற கெல்மான் தம்பதியின் மெக்சிக்கக் கலைச் சேகரிப்போடு தொடர்புடையது. ஆக, 2013 வரை அந்தப் பக்கத்துக்குப் பின்னால் நல்ல பெயர்கள் நின்றன.

ஃப்ரீடாவின் பெயரில் வரும் காகிதச் சித்திரங்களுக்கு இந்தப் பெயர்கள் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய எண்ணெய் ஓவியங்களைப் போலியாகச் செய்வது கடினம். மொத்தமே சுமார் 150தான் இருக்கும். பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். காகிதம் அப்படி அல்ல. பழைய நோட்டுப் புத்தகத்தின் வெற்றுத்தாளும் பேனாவும் துணிச்சலும் இருந்தால் போதும். ஃப்ரீடா சந்தையில் பல்லாண்டுகளாகப் போலிகளின் நடமாட்டம் இருக்கிறது. அதனால் ஒரு சித்திரம் வந்தால் விவரமான வியாபாரி முதலில் பார்ப்பது கோடுகளை அல்ல, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலியை. அதன் பிறகே 1988இல் வெளியான அவருடைய படைப்புகளின் முழுப் பட்டியல், கையெழுத்து, மை, காகிதம் எல்லாம்.

ஒரு கோடி டாலர் எங்கிருந்து வந்தது?

இந்தப் பக்கத்துக்கு ஒரு கோடி டாலர் என்று எந்த ஏலத்திலும் எவரும் கை தூக்கியதில்லை. அது உரிமையாளர் சொன்ன எண். ஆனால் அந்த எண்ணை 2022இல் கேட்ட எவருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், எட்டு மாதங்களுக்கு முன் நடந்த ஓர் ஏலம்.

2021 நவம்பர் 16. நியூயார்க் சதபீஸில் ஃப்ரீடாவின் ‘தியேகோவும் நானும்’ ஏலத்துக்கு வந்தது. 1949இல் வரைந்தது. 30 சென்டிமீட்டர் உயரம், 22.4 சென்டிமீட்டர் அகலம். ஒரு வார இதழின் அட்டையளவுதான். மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகையில் எண்ணெய் வண்ணம். அவிழ்ந்த கூந்தல் கழுத்தைச் சுற்றிக் கயிறு போல இறுக்குகிறது. கன்னத்தில் மூன்று கண்ணீர்த் துளிகள். சேர்ந்துகொண்ட புருவங்களுக்கு மேல், நெற்றியில், தியேகோவின் முகம். அந்தத் தியேகோவின் நெற்றியில் மூன்றாவது கண். நடிகை மரியா ஃபெலிக்ஸுடன் தியேகோவுக்கு இருந்த உறவு ஊரெல்லாம் பேச்சான ஆண்டு அது. ஃபெலிக்ஸ் ஃப்ரீடாவுக்கும் தோழி. அதே 1949இல்தான் தியேகோவின் ஐம்பதாண்டுக் கலைப்பணியைக் கொண்டாடிய கண்காட்சிக்காக ஃப்ரீடா அவரைப் பற்றி நீண்டதொரு சொற்சித்திரம் எழுதினார்; அதில் குறை சொல்லும் தொனி இல்லை. குறையை எல்லாம் பலகையில் வைத்துக்கொண்டார் போலும். படத்தை ஃப்ளாரன்ஸ் ஆர்க்கின் என்ற அமெரிக்கத் தோழிக்கும் அவர் கணவருக்கும் பரிசளித்துவிட்டார்.

1990இல் அது முதல்முறை ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ 14 லட்சம் டாலருக்குப் போனது. லத்தீன் அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் படைப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அப்போதுதான். 2021இல் விலை 3 கோடியே 49 லட்சம் டாலர். அதுவரை ஃப்ரீடாவின் உச்சம் 2016இல் கிடைத்த 80 லட்சம்; லத்தீன் அமெரிக்கக் கலைக்கு ஏலத்தில் உச்சம் 2018இல் தியேகோவின் ‘போட்டியாளர்கள்’ பெற்ற சுமார் 98 லட்சம். உயிரோடு இருந்த காலத்தில் ‘தியேகோ ரிவேராவின் மனைவி’ என்று பத்திரிகைகள் எழுதிய பெண், கணவரின் சாதனையை மூன்று மடங்குக்கு மேல் தாண்டினார்.

வாங்கியவர் எதுவார்தோ கொஸ்தன்தினி. புவனோஸ் ஐரெஸில் மால்பா அருங்காட்சியகத்தை நிறுவிய அர்ஜென்டினச் செல்வந்தர். அவருக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. 1995இல் ஒரே ஏலத்தில் ஃப்ரீடாவின் ‘குரங்கும் கிளியும் கொண்ட தன்னுருவம்’ படமும் தியேகோவின் ‘தெவான்தெபெக் நடனம்’ படமும் வந்தன. இரண்டுக்கும் பணம் போதாது. ஃப்ரீடாவை 32 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டு தியேகோவை விட்டுவிட்டார். இருபத்தோரு ஆண்டுகள் காத்திருந்து 2016இல் தியேகோவின் அதே படத்தைத் தனி விற்பனையில் 1 கோடியே 57 லட்சத்துக்கு வாங்கினார். சேகரிப்பாளர்கள் எப்படிப்பட்ட பிறவிகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த விலைகளுக்குப் பின்னால் இன்னொரு கை இருக்கிறது: மெக்சிக்க அரசு. அந்நாட்டில் தொல்லியல், கலை, வரலாற்றுச் சின்னங்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1972இல் வந்தது. 1984 ஜூலையில் ஃப்ரீடாவின் படைப்புகள் முழுவதும் ‘கலைச் சின்னம்’ என்று அறிவிக்கப்பட்டன. தியேகோ, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் போன்ற மெக்சிக்க ஓவியர்களுக்கும் இதே தகுதி உண்டு. எண்ணெய் ஓவியம் மட்டுமல்ல, காகிதத்தில் வரைந்தவையும் இதில் அடங்கும். அரசின் சொத்தானாலும் தனியாரின் சொத்தானாலும் விதிவிலக்கு இல்லை. மெக்சிகோவுக்குள் இருக்கும் ஒரு ஃப்ரீடாவைக் கண்காட்சிக்காக வெளியே கொண்டுபோகலாம், திரும்பக் கொண்டுவர வேண்டும். நிரந்தரமாக வெளியேற அனுமதி நடைமுறையில் கிடைப்பதில்லை.

விளைவு, ஒரே ஓவியருக்கு இரண்டு சந்தைகள். உள்நாட்டில் இருக்கும் படத்தை உள்நாட்டவரிடம் மட்டுமே விற்க முடியும். எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்ட சில படங்களுக்கோ உலகமே போட்டி போடுகிறது. அழிந்துவிடக் கூடாது என்று போட்ட பூட்டு, வெளியே இருக்கும் சிலவற்றின் விலையை வானத்துக்கு ஏற்றிவிட்டது. ‘ஃபான்டாஸ்மோனெஸ்’ வெளியே இருந்த ஒன்று. அதன் மீது ஒருவர் ஒரு கோடி என்று எழுதி ஒட்டியதன் பின்னணி இது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மொபராக் கவனித்ததாகத் தெரியவில்லை. சந்தை ஃப்ரீடாவுக்குக் கொடுக்கும் பெரிய பணம் அவருடைய முகத்துக்குப் போகும் பணம். அவர் வரைந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தன்னுருவப் படங்கள். அவருடைய பெயரைச் சொன்னதும் எவர் மனத்திலும் வருவது அந்தச் சேர்ந்த புருவமும் பூச்சூடிய கொண்டையும்தான். எரிந்த பக்கத்தில் அந்த முகம் இல்லை. அங்கே நெளியும் உருவங்கள், பேய்கள். ஆராய்ச்சியாளருக்கு அது பொன். பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்கு அது இரண்டாம் தேர்வு.

அந்த இரவு

2022 ஜூலை 30. மயாமியில் ஒரு மாளிகை. சுமார் 200 விருந்தினர்கள், மரியாச்சி இசைக்குழு, ஆடை அணிவகுப்பு, தீப்பந்தம் சுழற்றும் நடனம். மொபராக் அணிந்திருந்த கோட்டின் முதுகில் ஜிகினாவில் ஃப்ரீடாவின் முகம் மின்னியது. விற்கக்கூடியது எது என்று அவருடைய தையற்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சட்டகத்திலிருந்து காகிதத்தை வெளியே எடுத்தார்கள். மார்ட்டினி மது பரிமாறும் வடிவிலான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று; அதில் உலர்பனியின் புகையும் நீலச் சுடரும். அதன் மேல் காகிதத்தைப் பொருத்தினார்கள். பற்றிக்கொண்டது. எழுபத்தெட்டு ஆண்டுப் பழைய காகிதம் எரிய நேரம் பிடிக்காது. கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியின் காணொளி பின்னர் இணையத்தில் வெளியானது. செப்டம்பரில் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

மொபராக்கின் விளக்கம் இதுதான்: காகிதம் அழியக்கூடியது, டிஜிட்டல் வடிவம் அழியாதது, சாம்பலிலிருந்து பீனிக்ஸ் பறவை எழுவதுபோலப் படைப்பு மறுபிறவி எடுக்கிறது. வருமானத்தின் ஒரு பகுதி நோயுற்ற குழந்தைகளுக்கும் மெக்சிகோவின் கலை நிறுவனங்களுக்கும் போகும் என்றார். நல்ல காரியத்துக்கு நன்கொடை தர ஒரு கோடி டாலர் சித்திரத்தை விற்பதைவிட எரிப்பது எப்படி உகந்த வழியாகும் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

பத்தாயிரம் மடங்கு மூன்று

விற்பனைத் திட்டம் எளிமையானது. பத்தாயிரம் என்எஃப்டிகள், ஒவ்வொன்றும் ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயத்தில் மூன்று. மொத்தம் 30,000 ஈத்தர். 2021 நவம்பரில், அதாவது சதபீஸ் ஏலம் நடந்த அதே மாதத்தில், ஓர் ஈத்தர் 4,800 டாலரை எட்டியது. அந்த விலைக்கு இந்தத் தொகை 14 கோடி டாலருக்கு மேல் வரும். 2022 ஜூனில் ஈத்தர் ஆயிரம் டாலர் அளவுக்கு விழுந்தது. எரித்த வாரத்தில் 1,700 வாக்கில் இருந்தது. அப்போதும் கணக்கு ஐந்து கோடி டாலர் காட்டியது. காகிதத்தில் ஒரு கோடி, எரித்தால் ஐந்து கோடி!

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. 2021 மார்ச்சில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் பீப்பிள் என்ற கலைஞரின் டிஜிட்டல் படத்தை 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விற்று உலகத்தையே கிறுகிறுக்க வைத்திருந்தது. அதே மாதத்தில் ஒரு கிரிப்டோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முகம் காட்டாத தெருக்கலைஞர் பாங்க்ஸியின் அச்சுப்படம் ஒன்றை 95,000 டாலருக்கு வாங்கி, நேரலையில் எரித்து, அதன் என்எஃப்டியைச் சுமார் 3,80,000 டாலருக்கு விற்றார்கள். நான்கு மடங்கு. மயாமியில் நடந்தது அதன் பெரிய பதிப்பு.

ஆனால் பாங்க்ஸி விஷயத்தில் மூன்று வசதிகள் இருந்தன. முதலாவது, அது அச்சுப்படம். நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒன்று. ஒன்று எரிந்தால் மற்றவை இருக்கின்றன. இரண்டாவது, பாங்க்ஸியின் படைப்புகளுக்கு அவருடைய சொந்த அமைப்பே அசல் சான்று தருகிறது. எரிந்தது எது என்பதில் தகராறு இல்லை. மூன்றாவது, எரிக்கப்பட்ட படமே ஏல மண்டபத்தில் கூடி வாங்குவோரை ‘இந்தக் குப்பையை எல்லாம் வாங்குகிறீர்களே’ என்று கேலி செய்யும் படம். எரிப்பது அதன் பகடிக்கு ஒத்துப்போனது. ஃப்ரீடாவின் நாட்குறிப்புப் பக்கத்துக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

2022 அக்டோபரில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் லண்டனில் தன் காகித ஓவியங்களை எரிக்கத் தொடங்கினார். பத்தாயிரம் தாள்கள், வாங்கியவர்கள் காகிதத்தை வைத்துக்கொள்வதா, என்எஃப்டியை வைத்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 4,851 தாள்களுக்குப் பதிலாக என்எஃப்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தத் தாள்கள் அடுப்புக்குப் போயின. அதையும் வித்தை என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் எரித்தவர் வரைந்தவரே, ஒப்புக்கொண்டவர்கள் வாங்கியவர்களே. இறந்து 68 ஆண்டுகள் ஆன ஓவியரிடம் யாரும் எதையும் கேட்டிருக்க முடியாது.

எல்லையில் நிற்கும் சட்டம்

2022 செப்டம்பர் இறுதியில் மெக்சிகோவின் தேசிய நுண்கலை, இலக்கிய நிறுவனம் அறிக்கை விட்டது. கலைச் சின்னத்தை வேண்டுமென்றே அழிப்பது மெக்சிகோவில் குற்றம். எரிக்கப்பட்டது அசலா, நகலா என்று உறுதிப்படுத்துவதற்கான தகவல்களைத் திரட்டுகிறோம். இதன் உரிமையாளர் எங்களிடம் மறுபதிப்புக்கு எந்த அனுமதியும் கேட்கவில்லை என்ற அளவில் அது இருந்தது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் சின்னங்களை அழிக்கும் வழிகளைச் சொல்லும்போது முதலில் குறிப்பிடுவதே தீயைத்தான். பிறகு வெள்ளம், இடிபாடு, வெடிமருந்து. பத்தாண்டு வரை சிறையும், சேதத்தின் மதிப்பு அளவுக்கு அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. அந்த அபராதக் கணக்கில் ஒரு குறும்பு உண்டு. ஒரு கோடி டாலர் என்று விளம்பரம் செய்தவர் தன் அபராதத்துக்கும் தானே விலை சொல்லியிருக்கிறார்.

எரித்த இடமோ ஃப்ளோரிடா. அமெரிக்காவில் சொந்தப் பொருளை எரிப்பது பொதுவாக உரிமையாளரின் இஷ்டம். அங்கே 1990இல் காட்சிக்கலைஞர்களின் உரிமைச் சட்டம் வந்தது; பெயர்பெற்ற படைப்பை அழிப்பதைத் தடுக்க கலைஞருக்கு அது உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை வாழும் கலைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1940களில் வரைந்து பிறர் கைக்குப் போய்விட்ட காகிதத்தை அது காப்பாற்றாது. இதற்கு மேல் பதிப்புரிமைப் பிரச்சினை தனி. ஃப்ரீடா, தியேகோ இருவரின் படைப்புகளுக்கும் உரிமைகளை மெக்சிகோவின் மத்திய வங்கி அறங்காவலராக இருந்து நிர்வகிக்கிறது. ஒரு சித்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு அதன் பத்தாயிரம் டிஜிட்டல் பிரதிகளை விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. காகிதம் ஒருவருடையது, படிமம் இன்னொருவருடையது என்பது கலை வணிகத்தின் பாலபாடம்.

அசல் என்றால் வம்பு, நகல் என்றாலும் வம்பு

இந்தச் சம்பவத்தின் மையமாக நான் நினைப்பது இதைத்தான். என்எஃப்டி வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, எரிந்தது அசல்தானா என்பது. அசல் என்று விற்பவர் எவ்வளவு உறுதியாக நிரூபிக்கிறாரோ அவ்வளவுக்கு மெக்சிக்கச் சட்டத்தின் வாயில் தலையைக் கொடுக்கிறார். நகல் என்றால் சட்டத்திலிருந்து தப்பலாம். ஆனால் வாங்கியவர்களிடம் சொன்ன கதை முழுதும் பொய்யாகிவிடும். தன் சரக்கின் தரத்தை நிரூபிக்கவும் முடியாத, மறுக்கவும் முடியாத நிலையில் எந்த வியாபாரியும் கடை திறக்க மாட்டார்.

நிரூபிக்க நினைத்தாலும் கையில் என்ன இருந்தது? மெக்சிகோ நகரத்துக் கலை வியாபாரி ஒருவர் கையெழுத்திட்ட சான்று, காணொளி, உயர்தரப் படப்பதிவு. சான்று ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறது; மேடையில் எரிந்தது அதே காகிதம்தான் என்று அது சொல்லாது. காணொளியில் தெரிவது ஏதோ ஒரு காகிதம் எரிவது. எரிப்பதற்கு முன் மேடையிலேயே சுயேச்சையான நிபுணர் ஒருவர் உருப்பெருக்கியோடு நின்று சரிபார்த்திருந்தால் கதை வேறு. மரியாச்சிக் குழுவுக்கு ஏற்பாடு செய்தவர்கள் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை.

படப்பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘படம்தான் பத்திரமாக இருக்கிறதே’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். காகிதச் சித்திரம் ஒன்றை ஆராய்பவர்கள் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கடித்தால் பேனா அழுத்திய பள்ளங்கள் தெரியும். வேகமாக இழுத்த கோட்டுக்கும் பார்த்துப் பார்த்து நகலெடுத்த கோட்டுக்கும் அழுத்தம் வேறுபடும். மை காகித நாரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, மறுபக்கம் ஊறியிருக்கிறதா, புற ஊதா ஒளியில் காகிதம் எப்படி ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். 1950களுக்குப் பிந்தைய வெளுப்பூட்டிகள் கலந்த தாள் என்றால் அந்த ஒளியில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பக்கத்துக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. நாட்குறிப்பிலிருந்து வந்ததென்றால் ஒரு விளிம்பு பிரிக்கப்பட்ட விளிம்பாக இருக்கும். கொயோவாகானில் இருக்கும் நாட்குறிப்பில் கிழிந்த அடிக்கட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தாளின் கனம், நார், கிழிசலின் வரி பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தினால் எந்த வியாபாரியின் சான்றும் தேவையில்லை. நிபுணர் கருத்தும் தேவையில்லை. ஒரு ஃப்ரீடா சித்திரத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச்சிறந்த அத்தாட்சி அதுவாகவே இருந்திருக்கும்.

ஸ்கேனரில் எடுத்த படத்தில் இவற்றில் எதுவும் இல்லை. நிறமும் வடிவமும் இருக்கின்றன, பொருள் இல்லை. வழக்கு விசாரிக்க வருபவருக்கும் மிஞ்சியது சாம்பல். வாங்க வருபவருக்கும் அதே சாம்பல்.

நான்கு

சந்தை இதை நீதிமன்றத்தைவிட வேகமாகப் புரிந்துகொண்டது. 2022 நவம்பரில் செய்தியாளர்கள் கணக்கெடுத்தபோது பத்தாயிரத்தில் விற்றிருந்தவை நான்கு. சில பெரும் தள்ளுபடியில் போயிருந்தன. மொத்த வரவு 11,200 டாலருக்கும் குறைவு. ஒரு கோடியை எரித்து ஐந்து கோடியை எதிர்பார்த்த கணக்கு வந்து நின்ற இடம் அது. அந்த விருந்துக்கே இதைவிட அதிகம் செலவாகியிருக்கும் என்பது என் ஊகம்.

தோல்விக்குக் கிரிப்டோ சந்தை சரிந்ததைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே சரிவுக் காலத்தில் ஹர்ஸ்டின் பங்கேற்பாளர்கள் ஆயிரக்கணக்கில் என்எஃப்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குச் சரக்கின் மேல் சந்தேகம் இல்லை. செய்தவரே எதிரில் நின்றார். மயாமிச் சரக்கில் கோளாறு அடியிலேயே இருந்தது. கிரிப்டோக்காரர்களுக்கு ஃப்ரீடா மீது தனிக் காதல் இல்லை. ஃப்ரீடாவை நேசிப்பவர்களோ அவருடைய கையெழுத்துப் பட்ட தாளை எரித்தவரிடம் பணம் கொடுக்கத் தயாராக இல்லை. இரண்டு கூட்டமும் சேர்ந்து வாங்கும் என்று போட்ட கணக்கில் இரண்டு கூட்டமும் வராமல் போயின.

நேர்வழியில் விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? சித்திரம் ஏல நிறுவனத்தின் லத்தீன் அமெரிக்கப் பிரிவுக்குப் போயிருக்கும். 2004, 2013 விற்பனை ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டிருக்கும். காகிதப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் நிலை அறிக்கை எழுதியிருப்பார். பட்டியலில் நான்கைந்து பக்கம் கட்டுரையும் நாட்குறிப்பின் ஒப்பீட்டுப் படங்களும் வந்திருக்கும். மதிப்பீடு நிச்சயமாக ஒரு கோடிக்கு வெகு கீழேதான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. காகிதம், சிறிய அளவு, முகம் இல்லை. ஆனால் நியூயார்க்கிலோ புவனோஸ் ஐரெஸிலோ அதற்கு ஆள் இருந்திருப்பார்கள்.

ஃப்ரீடாவின் விலை அதன் பிறகும் நிற்கவில்லை. 2025 நவம்பரில் ‘கனவு (படுக்கை)’ என்ற அவருடைய 1940ஆம் ஆண்டு ஓவியம் சதபீஸில் 5 கோடியே 47 லட்சம் டாலருக்குப் போனது. பெண் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைக்காத தொகை. 2014இல் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபின் பூ ஓவியம் பெற்ற 4 கோடியே 44 லட்சத்தை அது தாண்டியது. அதே படம் 1980இல் ஏலம் போனபோது விலை 51,000 டாலர். நாற்பத்தைந்து ஆண்டுகள் அதை வைத்திருந்தவர் செய்த வேலையெல்லாம் ஈரமும் வெயிலும் நெருப்பும் படாமல் பார்த்துக்கொண்டதுதான்.